இருபத்து நாலாவது பேர்

1944 நவம்பர் 26, ஞாயிறு

இன்னிக்கு ஹஜ்ஜுப் பெருநாள். இத்தாலி மலையில, கணுக்கால் முங்குற சேத்துல தார்ப்பாயை விரிச்சுத் தொழுதோம். கம்பெனிக்கு நாலு செம்மறியாடு கொடுத்தாங்க, குர்பானி ஆச்சு. சமைச்சவன் பஞ்சாபி. உப்பு இருந்துச்சு, அவ்வளவுதான் சொல்லலாம். போடியில ஜொகரா இந்நேரம் சட்டியைத் தம்முல போட்டுட்டு, தெருவுக்கே மணக்குதான்னு வாசலுக்கு வந்து பார்த்திருப்பா.

சிப்பாய் டைரி வைக்கக்கூடாதுன்னு சட்டம். அதனால லாட நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்னாலிருந்து எழுதறேன். முன்பக்கம் எந்தக் கழுதைக்கு என்னிக்கு லாடம் மாத்தினேன்னு இருக்கும். ஆபீசர் அதைத்தான் பார்ப்பாரு. கோவேறு கழுதைன்னு ஒவ்வொரு தடவையும் நீட்டி எழுதினா நோட்டு தாங்காது. கழுதைன்னே எழுதறேன், அதுக ஒண்ணும் கோவிச்சுக்காது.

நான் நாயக் சிக்கந்தர் ராவுத்தர், சிப்பாய்க்கு மேல, கையில ரெண்டு பட்டை. அத்தா குரங்கணி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டையைக் கழுதையில இறக்கினவரு. நானும் அதே பொழைப்புத்தான். என்ன, இங்க கீழே இறக்கறதில்லை, மேலே ஏத்தறோம். ரொட்டி, தண்ணி, குண்டு. லாரி போகாத மலைக்கெல்லாம் நாங்கதான் லாரி.

சாயங்காலம் இத்தாலிக்காரன் நாப்பது பேர் அவங்கவங்க கழுதையோட வந்து சேர்ந்தானுக. போன வருசம் வரைக்கும் எதிரி, இப்ப கூட்டாளி. மேலிடத்துல என்ன பேசிக்கிட்டாங்களோ. அதுல பன்னண்டு பேர் என் பொறுப்பு. நல்லா இருக்கு போ.

நவம்பர் 28

பன்னண்டு கழுதையில பதினொண்ணு கழுதை. ஒண்ணு மகாராணி. பேரு நினா. தவிட்டு நிறம், இடது காதுல பாதி இல்லை, முன்னங்குளம்புல நம்பர் சுட்டிருக்கு. லாடம் அடிக்கக் காலைத் தூக்கினா என்னைத் திரும்பிப் பார்க்குது, "யாரு நீ?"ங்கிற மாதிரி.

அதை ஓட்டறவன் பொர்த்தொலோ. இருபத்தேழு வயசுன்னான், பார்த்தா நாப்பது. தொப்பியில ஒத்தை இறகு. வலது கையில கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் பாக்கி, மத்தது ரஷ்யாவுல பனியில போயிடுச்சாம். அவன் பாஷை எனக்கு ஒரு வருசத்துல அரைகுறையா வந்திருக்கு. மிச்சத்துக்குக் கை இருக்கு.

நான் அரம் போடும்போது அவன் நினா கழுத்தோரம் நின்னு என்னமோ முணுமுணுத்துக்கிட்டே தேய்ச்சுவிட்டான். நம்ம ஆளுக திக்ரு ஓதற மாதிரி ஒரே தாளம். சரி, பக்திமான்னு நினைச்சுக்கிட்டேன்.

டிசம்பர் 2

மழை. மழை. ஒரு கழுதைக்குக் குளம்பழுகல். எனக்கும் வந்திருக்கும், பூட்ஸைக் கழட்டிப் பார்க்கத் தைரியமில்லை.

டிசம்பர் 9

இன்னிக்குக் கேட்டே விட்டேன். "ஏப்பா, தினம் காலையில இவ்வளவு நேரம் என்ன ஜெபம்?"

"ஜெபம் இல்லை. ஹாஜர் எடுக்கிறேன்"னான். எங்க ஹவில்தார் காலையில பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கறதைப் பார்த்துப் பிடிச்சுக்கிட்ட வார்த்தை.

யாருக்கு ஹாஜர்? அவன் பீரங்கிப் பேட்டரி ஆளுகளுக்காம். பொர்த்தொலோ மலைப் பீரங்கி ரெஜிமெண்டுக்காரன். வடக்கே எல்லை மலையில ஒரே பள்ளத்தாக்கிலிருந்து எடுத்த ஆளுக அத்தனை பேரும். ரெண்டு வருசம் முன்னாடி ஜெர்மன்காரனோட சேர்ந்து ரஷ்யாவுக்கு அனுப்பியிருக்காங்க. போனது ஒரு கூட்டம், திரும்பினது ஒரு கைப்பிடி. ஊருல தாய்மார்களுக்கெல்லாம் "காணவில்லை"ன்னு காகிதம் போயிருக்கு. காணவில்லைன்னா அதுக என்ன நினைக்கும்? என்னிக்காவது வருவான்னு கதவைப் பார்த்துக்கிட்டே கிடக்கும். யாரு எங்க எப்படிச் செத்தான்னு பொர்த்தொலோவுக்குத் தெரியும். அவன் ஊரு இப்போ ஜெர்மன்காரன் கையில இருக்கு. போரு முடிஞ்சதும் வீடு வீடாப் போய்ச் சொல்லணும்கிறான். அதுக்குத்தான் உயிரை வச்சிருக்கானாம்.

முன்ன ஒரு காகிதத்துல எழுதி வச்சிருந்திருக்கான். நம்ம பக்கம் வந்து சேர்ந்தப்போ சோதனை போட்டவங்க, "இதென்ன, எதிரி பக்கத்து ஊருப் பேரா இருக்கு?"ன்னு பிடிச்சு மூணு நாள் உட்கார வச்சு, காகிதத்தைக் கொளுத்திட்டாங்க. அப்புறம் மனப்பாடம்தான். "வர வர ஒண்ணு ரெண்டு நழுவுது. நேத்து ஒருத்தன் வீட்டுப் பேரு மத்தியானம் வரைக்கும் வரலை. நீ எழுதிக் கொடு. உன் எழுத்தை இங்க எவனாலயும் படிக்க முடியாது, கொளுத்தவும் மாட்டான்."

முடியாதுன்னுட்டேன். செத்தவன் பேரையெல்லாம் எழுதறதுக்கு இதென்ன கபர்ஸ்தானா? லாட நோட்டு.

டிசம்பர் 12

பொர்த்தொலோ முகம் கொடுத்துப் பேசறதில்லை. எனக்கென்ன வந்துச்சு.

டிசம்பர் 13

நினாவோட பின்னங்கால் லாடம் ஆடுதான்னு பார்க்கப் போனேன். ஆடலை. ஆடாதுன்னு தெரியும், அடிச்சவனே நான்தானே. சும்மா நின்னேன். அவனும் சும்மா நின்னான்.

"சரி, சொல்லு. மூணு பேருக்கு மேல இன்னிக்கு முடியாது"ன்னேன்.

1. ஜாக்கொமோ. மேல்தெரு. குண்டு.
2. எல்விரோ. ஆலைக்காரர் மகன். பனி.
3. ரெமோ. சுண்ணாம்புச் சூளை வீடு. பனி.

டிசம்பர் 21

பதினஞ்சு ஆச்சு. தினம் மத்தியானம் தீனி வச்ச பிறகு உட்கார்றோம். அவன் ஒரு பேரைச் சொல்லுவான், நான் எழுதிட்டுத் திருப்பிப் படிப்பேன். தப்பா உச்சரிச்சா மூக்கைச் சுருக்குவான். நல்லாப் படிச்சா பாதிச் சுருட்டைக் கொடுப்பான்.

எழுதும்போதே ரெஜிமெண்ட் கதையும் வருது. அந்தப் பீரங்கியை ஏழு துண்டாப் பிரிச்சு ஏழு கழுதை மேல ஏத்துவாங்களாம். நினா சுமந்தது குழல். குழல் நீளம், பாறையில இடிக்கும். அதனால நினாவுக்கு எப்பவும் பாதையோட வெளி ஓரத்துல, பள்ளத்துப் பக்கமா நடந்தே பழக்கம். "எங்க கழுதைகளும் அப்படித்தாம்ப்பா. ஏலக்காய் மூட்டை பாறையில உரசும்னு ஓரத்துலதான் போகும்"னேன். ரொம்ப நேரம் சிரிச்சான். கழுதைக்குத் தேசம் கிடையாதுன்னு அன்னிக்குத்தான் எங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சுச்சு.

முதல்ல கிரேக்க நாட்டு மலை. அங்கே சேத்துல பாதிக் கழுதை போச்சு. அப்புறம் ரஷ்யா. "அங்க மலையே இல்லை சிக்கந்தர். மலைப் பீரங்கியை மலையே இல்லாத ஊருக்கு அனுப்பினாங்க." அவன் இதைக் கோபமாச் சொல்லலை. நான்தான் கோபப்பட்டேன்.

ஒரு விஷயத்துல மட்டும் கறார். பதினொண்ணாவது ஆளு, ரொக்கோன்னு பேரு, பசியில செத்தவன். "பசின்னு எழுதினா அவங்கம்மா தாங்குமா? குண்டுன்னு போட்டுக்கவா?"ன்னு கேட்டேன். கூடவே கூடாதுன்னுட்டான். "வாயால என்ன வேணா சொல்லிக்கலாம். எழுத்துல பொய் வேண்டாம்."

குண்டு, பனி, பசி, ஆறு. ஆறுன்னா ஆத்துல முங்கினவன். அத்தனை பேரும் நாலே வார்த்தைக்குள்ள அடங்கிட்டாங்க.

1945 ஜனவரி 6

நேத்து இருபத்து மூணு முடிஞ்சுச்சு. முழுசையும் நான் படிச்சேன், அவன் கண்ணை மூடிக் கேட்டான். ஒரு தப்பு இல்லை. "உஸ்தாத் ஆயிட்டேன் பார்த்தியா?"ன்னேன்.

"இன்னும் ஒருத்தன் இருக்கான். அவனை எழுத வேண்டாம்"னான்.

அப்புறம் நினா முதுகைப் பார்த்துக்கிட்டே சொன்னான். பின்வாங்கி நடந்தாங்களாம், பன்னண்டு பதிமூணு நாள், பனிக்குள்ள. பீரங்கியெல்லாம் போச்சு. கழுதை நினா ஒண்ணுதான் மிச்சம். அந்த இருபத்து நாலாவது ஆளுக்கு ரெண்டு காலும் உறைஞ்சு போய் நடக்க முடியலை. நினா முதுகுல கட்டிக் கூட்டிட்டு வந்திருக்கான். மூணாவது நாள் நினா முட்டி போட்டு உட்கார்ந்துடுச்சு. இழுத்தான், அடிச்சான், அழுதான். எழுந்திரிக்கலை. அவனை அவிழ்த்து இறக்கி ஒரு வைக்கோல் போர் ஓரமா சாய்ச்சு வச்சான். நினா எழுந்துடுச்சு.

"அவன் என்ன சொன்னான்?"னு கேட்டேன்.

"கழுதை கிளம்பிடுச்சு, நீயும் போன்னான். நான் வால் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். என் பேரைச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டான். நான் திரும்பலை. திரும்பினா அங்கேயே உட்கார்ந்திருப்பேன்."

நான் பென்சிலைக் கீழே வச்சுட்டேன்.

"அவன் பேரை நானே போய் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன். அது என் வேலை"ன்னான். அம்மான்னுதான் சொன்னான், அவன் அம்மான்னு சொல்லலை. இவனுக பாஷையில அப்படித்தான் சொல்லுவாங்க போல.

ஜனவரி 11

ஜொகரா கடிதம். கம்பளிச் சட்டை வந்துச்சான்னு மூணாந்தடவையாக் கேக்கிறா. வரலை. வந்துச்சுன்னு எழுதிட்டேன்.

ஜனவரி 19

நினா செத்துப்போச்சு. பொர்த்தொலோவும்.

ஜனவரி 20

அஞ்சு கழுதைக்கு லாடம். பனியில வழுக்காத ஆணி தீர்ந்துடுச்சு, கேட்டு அனுப்பியிருக்கேன்.

ஜனவரி 21

நாலு கழுதை. ஆணி வரலை.

ஜனவரி 24

விசாரணை. கேப்டன் சாப் கூடாரத்துல ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு டைப் மெஷின். பாதையில சாப்பர் ஆளுக கண்ணிவெடி எடுத்து ரெண்டு பக்கமும் நாடா கட்டியிருந்தாங்களான்னு கேட்டாரு. கட்டியிருந்தாங்க சாப். ஆளு கழுதையோட தலைக்கயிற்றைப் பிடிச்சு, நாடாவுக்கு நடுவுலதான் கூட்டிப் போகணும்னு உத்தரவு இருந்துச்சா? இருந்துச்சு சாப். அந்த இத்தாலிக்காரன் தலைக்கயிற்றைப் பிடிச்சிருந்தானா? இல்லை சாப், வாலைப் பிடிச்சிருந்தான். உத்தரவு அவனுக்குத் தெரியுமா? தெரியும் சாப்.

அவ்வளவுதான் கேட்டாரு. நான் எதுவும் பொய் சொல்லலை. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.

அவன் தொப்பியை என் பெட்டியில வச்சிருக்கேன்.

பிப்ரவரி 3

ராத்திரி சரியாத் தூக்கமில்லை. குளிர்தான் காரணம். ஆணி வந்துடுச்சு.

பிப்ரவரி 11

எழுதித் தொலைச்சாத்தான் தீரும் போல.

அன்னிக்குக் காலையில பனிமூட்டம் கெட்டியா இருந்துச்சு. மேலே இருந்த கம்பெனிக்கு ரெண்டு நாளா ரொட்டி போகலை. மூட்டத்துல ஜெர்மன்காரன் கண்ணுக்குத் தெரியமாட்டோம்னு பகல்லயே கிளம்பச் சொல்லிட்டாங்க. பனி பெய்ஞ்ச தரையில வெள்ளை நாடா கட்டின புத்திசாலி எவன்னு தெரியலை. குச்சியால கிளறிக் கிளறித்தான் நாடாவைக் கண்டுபிடிக்கணும். ஆமை நடை. எனக்குப் பொறுமை இல்லை.

ஏத்தம் ஆரம்பிக்கிற இடத்துல பொர்த்தொலோ நின்னுட்டான். கயிறு உறைஞ்சு விறைச்சிருக்கு, ரெண்டு விரல்ல நிக்க மாட்டேங்குது, கழுதை வழுக்கினா என்னையும் இழுத்துட்டுப் போயிடும்னான். "வாலைப் பிடிச்சுக்கவா?"ன்னு கேட்டான்.

கேட்டான். அவனா பிடிக்கலை. என்கிட்ட கேட்டான், நான்தான் நாயக்.

எங்க மலையில ஏத்தம்னா வாலைப் பிடிச்சுக்கிட்டுக் கழுதையை முன்னால விடறதுதான் வழக்கம். அத்தாவும் அப்படித்தான் ஏறுவாரு. அவன் மலையிலயும் அதேதான். ரெண்டு பேருக்கும் அது தப்பாவே படலை. "பிடிச்சுக்கோ. கழுதைக்குத் தெரியாத பாதையா?"ன்னேன். ரஷ்யாவுல இருந்து ஆளைக் கொண்டுவந்து சேர்த்த கழுதையாச்சேன்னு வேற சொன்னேன். அவன் சிரிச்சான்.

நினா பள்ளத்து ஓரமாத்தான் போகும்னு எனக்குத் தெரியும். அன்னிக்குச் சேர்ந்து சிரிச்சோமே, அப்போ இருந்து தெரியும். நாடா பாறைப் பக்கமா உள்ள இருந்துச்சு, அது ஓரத்துலதான் போச்சு.

கேப்டன் சாப் என்கிட்ட கேக்காத கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். யாரு அனுமதி கொடுத்ததுன்னு.

ஏப்ரல் 20

சமவெளிக்கு இறங்கிட்டோம். பூவரசு மாதிரி மஞ்சளா ஒரு பூ, பேரு தெரியலை. கழுதையெல்லாம் பச்சைப் புல்லைத் தின்னு வயித்தால போகுது.

மே 3

இத்தாலியில போரு முடிஞ்சுச்சுன்னு சொன்னாங்க. பஞ்சாபிகள் ஆடினாங்க. நானும் ரெண்டு சுத்து ஆடினேன். அப்புறம் போய் லாட நோட்டை எடுத்து இருபத்து மூணு பேரையும் வாய்விட்டுப் படிச்சேன். மறந்துடக்கூடாதில்ல.

மே 27

எங்களை வடகிழக்கு எல்லைப் பக்கம் கொண்டுவந்து போட்டிருக்காங்க. பொர்த்தொலோ ஊரு கோஸ்தாநேரா இங்கிருந்து எவ்வளவு தூரம்னு ஒரு லாரிக்காரனைக் கேட்டேன். பாதி நாள் பயணம்னான்.

வேற யாராவது போய்ச் சொல்லக்கூடாதா? இந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவன் வேணுமே. பொர்த்தொலோ சாமர்த்தியசாலிதான்.

ஜூன் 3, ஞாயிறு

ரெண்டு நாள் லீவு. கோஸ்தாநேரா போனேன்.

செங்குத்தான மலை. கல்வீடு முப்பது நாப்பது. ஜெர்மன்காரன் கூட்டிட்டு வந்த கொசாக்கு குதிரைப்படை குளிர்காலம் முழுக்க இங்க தங்கி வைக்கோலையெல்லாம் தின்னு தீர்த்துட்டுப் போயிருக்கு. ஒரு காக்கிச் சட்டைக்காரன் தலைப்பாகையோட வந்து நின்னதும் கதவெல்லாம் சாத்திக்கிச்சு. நான் சர்ச் முன்னால நின்னு பொர்த்தொலோ தொப்பியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சேன். ஒரு கதவு திறந்துச்சு. அப்புறம் எல்லாக் கதவும் திறந்துச்சு.

எல்லாம் பொம்பளைக. கறுப்புத் துணி. சிலது முதுகுல கூடை கட்டினபடியே வயல்ல இருந்து வந்துடுச்சு. நான் நோட்டைத் திறந்தேன்.

"ஜாக்கொமோ. மேல்தெரு. குண்டு."

ஒரு கிழவி அப்படியே கல்லுல உட்கார்ந்துட்டா. அழலை. ரெண்டரை வருசமா நின்னுக்கிட்டே இருந்தவ இப்பத்தான் உட்கார்றான்னு பட்டுச்சு. நான் அடுத்ததைப் படிச்சேன். ரொக்கோ பேரு வந்தப்போ அவன் அம்மா முகத்தைப் பார்த்தேன். வாய் தானா "பனி"ன்னுச்சு. நோட்டுல பசின்னு இருந்துச்சு. பொர்த்தொலோவே வாயால சொல்லிக்கலாம்னு சொன்னதுதானே. ஒருத்தி வந்து நோட்டுக்கு முத்தம் கொடுத்தா. ஒருத்தி என் நெஞ்சுல ரெண்டு கையாலயும் அடிச்சா, அவ பையன் பேரு வந்ததுக்கு. அடிக்கட்டும்னு நின்னேன்.

இருபத்து மூணும் முடிஞ்சு கூட்டம் கலைஞ்ச பிறகும் ஒருத்தி போகலை. அம்பது வயசு இருக்கும். நெடுநெடுன்னு உயரம், முதுகுல காலிக் கூடை. அந்தத் தொப்பியையே பார்த்துக்கிட்டு நின்னா. முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதே மூக்கு.

பேரு தொமெனிகா. என் கையிலிருந்து தொப்பியை வாங்கினா, இறகை நீவிவிட்டா. அந்த ரெஜிமெண்டை அவளுக்குப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே தெரியுமாம். முதல் யுத்தத்துல இந்த மலை உச்சியில அவங்க பீரங்கி நின்னப்போ ஊருப் பொண்ணுகதான் கூடையில குண்டு சுமந்து ஏத்தியிருக்காங்க. "ஏழு கழுதை பத்தாதுன்னு எட்டாவதா என்னைச் சேர்த்துக்கிட்டாங்க. அப்புறம் என் ரெண்டு பிள்ளைகளையும் கேட்டாங்க. கொடுத்தேன்."

ரெண்டு பிள்ளை. ஜனவரியில அவன் அம்மான்னு சொன்னது இப்பத்தான் புரிஞ்சுச்சு.

"பொர்த்தொலோவுக்குக் காகிதம் வந்துச்சு"ன்னா. மடிச்சு வச்சிருந்ததைக் காட்டினா. உத்தரவை மீறி நடந்ததால கண்ணிவெடியில இறந்தான்னு போட்டிருக்காம். சாமியார் சர்ச் வாசல்ல நின்னு ஊருக்கே படிச்சுட்டாராம். "என் பிள்ளை சொன்ன பேச்சைக் கேக்காதவன் இல்லை. நீ அவன்கூட இருந்தவன்தானே. சொல்லு. மீறினானா?"

நூத்துக் கணக்குல கழுதைக் காலைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன், உதை வாங்கியிருக்கேன். அந்த ஒரு கேள்வி மாதிரி எதுவும் என்னைச் சாய்ச்சதில்லை.

"மீறலைம்மா. என்கிட்ட கேட்டான். நான்தான் சரின்னேன். என்னை யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. தப்பு என்னோடது."

அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். என் கையில இருந்த நாயக் பட்டையைப் பார்த்தா, காகிதத்தை என் சட்டைப் பையில சொருகினா. "மாத்தி எழுதி வாங்கிட்டு வா. அதுக்கப்புறம் தீத்தாவைப் பத்திக் கேக்கிறேன்"னுட்டுத் திரும்பி நடந்துட்டா.

தீத்தா. சின்னவன் பேரு தீத்தா.

ஜூன் 6

கேப்டன் சாப்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவரு பேனாவைக் கீழே வச்சாரு. "போரே முடிஞ்சு போச்சு சிக்கந்தர். யாரும் கேக்கலையே. இப்ப ஏன்?"ன்னாரு.

"அவங்கம்மா கேட்டாங்க சாப்."

பட்டை போச்சு. வெறும் சிப்பாய். காகிதம் மாறி வர ரெண்டு வாரம் ஆகும்னாரு. காத்திருக்கேன்னேன்.

ஜூன் 9

ஜொகராவுக்கு எழுதினேன், பட்டை போனதை. எதுக்குன்னு எழுதலை. நேர்ல சொல்லணும்.

ஜூன் 24, ஞாயிறு

காகிதத்தோட போனேன். சாமியார் சர்ச் வாசல்லயே நின்னு புதுசைப் படிச்சாரு. அனுமதியோடு நடந்தான்னு இருந்துச்சு. என் பேரும் இருந்துச்சு. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. தலையைக் குனிஞ்சுக்கலை, குனியணும்னுதான் தோணுச்சு. தொமெனிகா அதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டா.

அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. மக்காச்சோளக் களியும் பாலும் வச்சா. தட்டை எடுத்துட்டு ஒரு வெள்ளைத் தாளை மேசையில வச்சா. "அந்த நோட்டு உன்னோட உன் நாட்டுக்குப் போயிடும். எங்களுக்கு ஒண்ணு எழுதிக் கொடு. உன் எழுத்துலயே எழுது. அவன் அதைத்தான் நம்பினான்."

இருபத்து மூணு பேரையும் பெயர்த்து எழுதினேன். இருபத்தஞ்சாவதா பொர்த்தொலோவை எழுதினேன். என் பேரு, நான் சொன்னது, நாடா, எல்லாம் எழுதினேன், அஞ்சு வரி வந்துச்சு. நடுவுல இருபத்து நாலாவது வரி காலியா இருந்துச்சு.

"தீத்தா எப்படிப் போனான்? பொர்த்தொலோ உன்கிட்ட சொல்லியிருப்பான்."

"சொன்னான்"னேன்.

"எழுது."

எழுதினேன். அவ என் கையையே பார்த்துக்கிட்டிருந்தா.

24. தீத்தா. உயிரோட விட்டு வந்தது.

"இப்ப படி"ன்னா. அந்த வரி மேல விரலை வச்சா. தாய்மார் எல்லாருக்கும் அந்த விரல் ஒண்ணாத்தான் இருக்கு, வெடிச்சு, கறுத்து.

நான் படிச்சேன். "தீத்தா. ரெண்டு காலும் உறைஞ்சுபோய் நடக்க முடியலை. அண்ணன் அவனைக் கழுதை மேல கட்டி மூணு நாள் கொண்டுவந்தான். மூணாவது நாள் சாயங்காலம் அண்ணன் மடியில தலை வச்சுத் தூங்கினான். தூக்கத்துலயே போயிட்டான். வலி இல்லை. அண்ணன் அவன் கண்ணை மூடிட்டு, பனியை வாரிப் போட்டு மூடி, ஜெபம் சொல்லிட்டுத்தான் கிளம்பினான்."

எனக்கு இத்தாலியன் அவ்வளவு சரளமா என்னிக்கும் வந்ததில்லை.

தொமெனிகா விரலை எடுக்கலை. அந்த வரி தொடங்கற இடத்துல இருந்து முடியற இடம் வரைக்கும் மெதுவா ஓட்டிப் பார்த்தா. சின்ன வரி. கீழே பொர்த்தொலோவோட அஞ்சு வரியையும் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. நான் பாத்திரத்துல இருந்த பாலைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

தாளை நாலா மடிச்சுச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டா.

"இந்தப் பள்ளத்தாக்குல இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை"ன்னா. பால் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திட்டு, "அது நல்லதுதான்"னா.